இரண்டு மில்லிமீட்டர் எங்கே போனது?

வீட்டில் கட்டிய சிஎன்சி இயந்திரம் ஒன்று இடம் தவறிய கதை

என் அப்பாவிடம் ஒரு பலகை இருக்கிறது. தோட்டத்து வீட்டை இடித்தபோது அவர் கேட்டு வாங்கி வந்த கதவுப் பலகை. மெர்பாவ் மரம், கருஞ்சிவப்பு நிறம், தூக்கினால் இரும்பு போன்ற கனம். கிள்ளானில் எங்கள் வீட்டின் பின்புறச் சுவரில் அது பல ஆண்டுகளாகச் சாய்ந்து கிடந்தது. "இதுல வீட்டுப் பேரைச் செதுக்கி வாசல்ல மாட்டணும்" என்று அவர் சொல்லாத தீபாவளி இல்லை.

என் அக்காள் மகன் படிவம் நான்கு மாணவன். பள்ளி விடுமுறையில் அவனும் நானும் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சிஎன்சி ரவுட்டரைக் கட்டி முடித்தோம். (வைஃபை ரவுட்டர் இல்லை. மரத்தைக் குடைய வேகமாகச் சுழலும் வெட்டுக்கத்தியைத் தச்சர்களும் ரவுட்டர் என்றுதான் சொல்வார்கள். அதைக் கணினி நகர்த்தினால் சிஎன்சி ரவுட்டர்.) தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்தப் பலகையில் 'நிழல்' என்று வீட்டுப் பெயரைச் செதுக்கிக் கொடுப்பதாகப் பேரன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை நண்பகல் வேலை தொடங்கியது. நான்கு அடுக்குகளாக மரத்தைக் குடைந்து, கடைசியாக எழுத்தின் ஓரத்தைச் சுற்றி வந்து மழமழப்பாக்க வேண்டும் என்பது திட்டம். நான்கு அடுக்கும் முடிந்தன. கடைசிச் சுற்றில் கத்தி எழுத்தின் ஓரத்துக்குப் போகாமல் வலப்பக்கம் 2 மில்லிமீட்டர் தள்ளி, நல்ல மரத்தில் இறங்கியது. அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்துவதற்குள் 'நி' முடிந்து 'ழ'வின் வாலும் போய்விட்டது. நிழல் என்று எழுதச் சொன்னால், எழுத்துக்கே ஒரு நிழல் விழுந்திருந்தது.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் இருக்குல்ல" என்றார்.

பலகைக்கு இரண்டு பக்கம்தான். மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் இயந்திரம்

பிழையைத் தேடுவதற்கு முன், இந்த இயந்திரம் தான் எங்கே நிற்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். விடை சற்று அதிர்ச்சியானது: அதற்குத் தெரியாது.

எங்கள் இயந்திரத்தை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். சாதாரண மோட்டார் மின்சாரம் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டெப்பர் ஒரு துடிப்புக்கு ஓர் அடி மட்டும் வைக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடி. அதாவது அடிக்கு 1.8 பாகை. மோட்டாரை இயக்கும் 'டிரைவர்' என்ற மின்பெட்டி ஒவ்வோர் அடியையும் 8 நுண்ணடிகளாகப் பிரிக்கிறது. ஆக, ஒரு சுற்றுக்கு 1,600 நுண்ணடி. மோட்டாரோடு ஒரு திருகுத் தண்டு இணைந்திருக்கிறது. அது ஒருமுறை சுற்றினால் அதில் மாட்டிய பித்தளை நட்டு 8 மில்லிமீட்டர் நகரும். 1,600-ஐ 8-ஆல் வகுத்தால் 200. ஒரு மில்லிமீட்டருக்கு 200 நுண்ணடி. ஒரு நுண்ணடிக்கு 0.005 மில்லிமீட்டர்.

துடிப்புகளை அனுப்புவது ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய மின்பலகை. அதில் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. 2009-இல் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கிய இம்மென்பொருளைத்தான் வீட்டில் சிஎன்சி கட்டுபவர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள். "வலப்பக்கம் 10 மில்லிமீட்டர் போ" என்றால் அது 2,000 துடிப்புகளை எண்ணி அனுப்பும். அனுப்பிவிட்டு, "போய்ச் சேர்ந்தாயிற்று" என்று தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்கும் கண் அதற்கு இல்லை.

உங்கள் பள்ளி மண்டபத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு அடிகளை எண்ணி நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தவறான இடத்தில் போய் நிற்கப் பல வழிகள் உண்டு. உங்கள் காலடியின் நீளத்தையே தப்பாகக் கணக்கிட்டிருக்கலாம். காலணி தொளதொளவென்று இருந்து, திரும்பும்போதெல்லாம் உள்ளே கால் வழுக்கலாம். வழியில் யாராவது இடித்து ஓர் அடி பின்னால் போயிருக்கலாம். மூன்றிலும் முடிவு ஒன்றுதான், தவறான இடம். ஆனால் தவறு வளரும் விதம் மூன்றிலும் வேறு வேறு. இதை அப்போதே நாங்கள் நினைத்துப் பார்த்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

தொழிற்சாலைகளில் உள்ள பெரிய இயந்திரங்கள் இப்படிக் குருடாக ஓடுவதில்லை. ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வளைவுகளைத் துல்லியமாக வெட்ட வேண்டும் என்ற ஜான் பார்சன்ஸின் யோசனையிலிருந்து வளர்ந்து, 1952-இல் அமெரிக்காவின் எம்ஐடி கழகம் காட்டிய முதல் எண்முறை இயந்திரத்திலேயே, தன் இடத்தை அளந்து திருத்திக்கொள்ளும் சர்வோ அமைப்பு இருந்தது. அந்த வசதி விலை அதிகம். அதை விட்டுவிட்டதால்தான் நம் கைக்கு எட்டும் விலையில் ஓர் இயந்திரம் கிடைக்கிறது.

ஒரே மணி நேரத்தில் ஐந்து மாற்றம்

"மாமா, எக்ஸ் மோட்டாரு வீக்கா இருக்கு லா. அடி தவறுது" என்றான் பையன். நியாயமான சந்தேகம்தான். மெர்பாவ் கடினமான மரம். கத்தி சிக்கினால் மோட்டார் திணறி அடிகளைத் தவறவிடும். வேகத்தைக் குறைத்தான். மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டினான். நான் இணைப்புத் திருகுகளை முறுக்கினேன். தண்டுக்கு எண்ணெய் விட்டோம். மின்விசிறி ஒன்றை டிரைவர் பக்கம் திருப்பி வைத்தோம். ஒரு பழைய ஒட்டுப்பலகையில் அதே எழுத்தை வெட்டிப் பார்த்தோம்.

அதே 2 மில்லிமீட்டர். அதே வலப்பக்கம்.

எனக்கு இதில் வெட்கம் உண்டு. இருபது ஆண்டுகள் இயந்திரங்களோடு பிழைத்தவன் நான். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால், சரியானாலும் எது சரிசெய்தது என்று தெரியாது; சரியாகாவிட்டால் எது குற்றவாளி இல்லை என்றும் தெரியாது. பதற்றத்தில் கைதான் முன்னால் போனது.

இருந்தாலும் அந்தத் தோல்வியில் ஒரு செய்தி இருந்தது. கத்தி சிக்கி அடி தவறினால் ஒருமுறை 1.3, அடுத்தமுறை 4 என்று மனம்போல் தவறும். மென்மையான ஒட்டுப்பலகையிலும் கடினமான மெர்பாவிலும், வேகத்தைப் பாதியாக்கிய பிறகும், அதே அளவு அதே பக்கம் தவறுவது தற்செயல் அல்ல. எங்கோ ஒன்று ஒழுங்காக, எண்ணிக்கை தவறாமல் தப்புச் செய்துகொண்டிருந்தது.

மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்தோம். பையன் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தான்.

காலடி நீளமா, தொளதொளப்பா?

முதலில் அளவுகோல் சோதனை. கத்திக்குப் பதில் கூரான பென்சிலை மாட்டி, 300 மில்லிமீட்டர் நகரச் சொல்லி, எஃகு அளவுகோலால் அளந்தோம். சரியாக 300. காலடிக் கணக்கில் தவறு இருந்திருந்தால் நகரும் தூரத்துக்கு ஏற்ப அதுவும் கூடியிருக்கும்: 100-க்கு 2 என்றால் 200-க்கு 4. அப்படி இருந்தால் திருத்துவது சுலபம். இப்போதைய எண்ணை, நகரச் சொன்ன தூரத்தால் பெருக்கி, உண்மையில் நகர்ந்த தூரத்தால் வகுக்க வேண்டும். 100 போகச் சொல்லி 98 மட்டும் போனால், 200-க்குப் பதில் 204.08.

அடுத்தது தொளதொளப்பு. ஆங்கிலத்தில் பேக்லாஷ் என்பார்கள். திருகுத் தண்டின் புரிக்கும் நட்டின் புரிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. திசை மாறும்போது தண்டு அந்த இடைவெளியை முதலில் கடக்கும். அதுவரை நட்டு அசையாது. இதை அளக்க, கார் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் டயல் கேஜ் ஒன்றை இரவல் வாங்கினோம். முனையைத் தொட்டால் முள் சுற்றும் கடிகாரம் போன்ற கருவி, 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும். வலப்பக்கம் சிறிது நகர்த்தி முள்ளைப் பூச்சியத்தில் வைத்தோம். பிறகு இடப்பக்கம் 0.05, 0.05 ஆக நகரச் சொன்னோம். முதல் மூன்று கட்டளைக்கு முள் அசையவே இல்லை. நான்காவதில் 0.02 மட்டும் நகர்ந்தது. கொடுத்தது 0.20, கிடைத்தது 0.02. இடைவெளி 0.18 மில்லிமீட்டர்.

"புடிச்சிட்டோம்!" என்று பையன் துள்ளினான். பிடித்தது ஒரு குற்றவாளியைத்தான். நாங்கள் தேடும் குற்றவாளியை அல்ல. பேக்லாஷ் வளராது. ஆயிரம் முறை திரும்பினாலும் அதே 0.18தான், திரும்பி வரும்போது அது ஈடாகிவிடும். 2 மில்லிமீட்டரை அதன் தலையில் கட்ட முடியாது. ஒரு பிழை கிடைத்துவிட்டால் அதுதான் காரணம் என்று நம்ப மனம் அவசரப்படும். அளவு பொருந்துகிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

இந்த இடத்தில் பலர் விழும் ஒரு குழி உண்டு. பேக்லாஷ் 0.2 இருக்கும் இயந்திரத்தில் திரும்பி வரும் 10 மில்லிமீட்டர் பயணம் 9.8 ஆக வரும். அதைப் பார்த்துக் காலடிக் கணக்கை 204.08 என்று 'திருத்தி' விடுவார்கள். 10-க்குச் சரியாகிவிடும். அடுத்து 100 வெட்டினால் 101.8 வரும்! எப்போதும் ஒரு சிறிய தூரத்தையும் ஒரு பெரிய தூரத்தையும் அளந்து பாருங்கள். தூரத்தோடு வளரும் பிழையும் வளராத பிழையும் அப்போது தனித்தனியாகத் தெரியும்.

காற்றில் எழுதினால்?

ஞாயிற்றுக்கிழமை காலை. தாளில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தோம். சுழலும் தலையை நிறுத்திவிட்டு, பென்சிலைத் தூக்கிய நிலையில், முழு எழுத்து நிரலையும் காற்றிலேயே ஓடவிட்டோம். முடிந்ததும் தொடங்கிய இடத்துக்கு வரச் சொல்லி மறுபடி ஒரு புள்ளி. ஒவ்வொரு முறையும் இடப்பக்கமிருந்தே அந்த இடத்தை அணுகினோம். அப்போதுதான் பேக்லாஷ் கணக்கில் நுழையாது.

இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர்.

கத்தி மரத்தைத் தொடவே இல்லை. ஆகவே மரத்தின் கடினம், கத்தியின் மழுக்கம், சுழலும் தலையிலிருந்து வரும் மின் இரைச்சல் எல்லாம் ஒரே அடியில் பட்டியலிலிருந்து போயின. இந்த ஒரு சோதனைக்கு ஒரு தாளும் அரை மணி நேரமும்தான் செலவு. இதை முதலில் செய்திருக்க வேண்டும்.

பிறகு நீளமாக இடம்-வலம் பத்துமுறை ஓடவிட்டோம். புள்ளி மேல் புள்ளி விழுந்தது. நேராகப் போனால் சரி, எழுத்து எழுதினால் தவறு! இந்த விடை எங்களை இரண்டு மணி நேரம் சுற்றலில் விட்டது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மோட்டார் அச்சு இணைப்பில் நழுவுகிறதா என்று பார்க்க, அச்சின் மேலும் இணைப்பின் மேலும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டோம். ஓடி முடிந்த பிறகும் கோடு உடையவில்லை. நழுவல் இல்லை. எக்ஸ் அச்சின் மோட்டாரையும் டிரைவரையும் கழற்றி ஒய் அச்சில் மாட்டினோம்; ஒய் அச்சினுடையதை எக்ஸ் அச்சில். பழுது அவற்றில் இருந்தால் அவற்றோடு கூடவே போக வேண்டும். போகவில்லை. பிழை எக்ஸ் அச்சிலேயே உட்கார்ந்திருந்தது.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. கித்தானை இழுத்துவிட்டுத் தேநீரோடு உட்கார்ந்தோம். பாழான பலகையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பையன், "மாமா, இங்க பாருங்க" என்றான். குடைந்த பள்ளத்தின் சுவர் செங்குத்தாக இல்லை. குளத்துப் படிக்கட்டைப் போல அடுக்குக்கு அடுக்கு அரை மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்து இறங்கியது. நான்கு அடுக்கு, நான்கு படி. கடைசிச் சுற்றில் திடீரென்று நடந்த விபத்து இல்லை அது. தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது.

சற்று நேரம் கழித்து அவன் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் திறந்தது. "நிரலையே தொண்ணூறு பாகை திருப்பிவிட்டா?"

திருப்பினோம். இதுவரை இடம்-வலமாக ஓடியது இப்போது மேல்-கீழாக ஓடியது. பிழையும் ஒய் அச்சுக்குத் தாவியது! மோட்டாரோடு போகாத பிழை வேலையோடு போய்விட்டது. அப்படியானால் எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை. ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும்போது எந்த அச்சாக இருந்தாலும் தவறுகிறது.

அது என்ன வேலை? பள்ளம் குடையும்போது கத்தி வயலில் ஏர் ஓட்டுவதைப் போலப் போய்ப் போய்த் திரும்பும். ஒரு அச்சு ஒவ்வொரு வரிக்கும் திசை மாறும். மற்றொன்று ஒரே திசையில் மெல்ல முன்னேறும். திசை மாறுவதுதான் வேறுபாடு.

உடனே ஒரு சிறு நிரல் எழுதினான்: 2 மில்லிமீட்டர் வலம், 2 மில்லிமீட்டர் இடம், இதையே 100 முறை. டயல் கேஜ் 1.00 காட்டியது. 200 முறை: 2.00. வேகத்தைப் பாதியாக்கி 100 முறை: 1.00. தூரத்தை 20 மில்லிமீட்டர் ஆக்கி 100 முறை: அப்போதும் 1.00. வேகமோ தூரமோ அதற்குப் பொருட்டே இல்லை. போய்வரும் ஒவ்வொரு தடவைக்கும் 0.01 மில்லிமீட்டர் வலப்பக்கம். நிரலை எண்ணிப் பார்த்தோம். நான்கு அடுக்குக்கும் சேர்த்துப் போய்வந்தது ஏறத்தாழ 200 தடவை. காணாமல் போன 2 மில்லிமீட்டர் அங்கே இருந்தது.

காலையில் செய்த பத்துமுறைச் சோதனை ஏன் ஏமாற்றியது என்பதும் இப்போது விளங்கியது. பத்து முறைக்கு 0.1 மில்லிமீட்டர்தான் தவறும். எங்கள் பென்சில் புள்ளியே அரை மில்லிமீட்டர் பருமன். பிழை இருந்தது, பார்க்கும் கண்தான் போதவில்லை. "தவறு இல்லை" என்று நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு, "0.5-க்கு மேல் தவறு இல்லை" என்று பையன் திருத்தி எழுதினான்.

திரும்பு, நட!

0.01 மில்லிமீட்டர் என்றால் எத்தனை நுண்ணடி? ஒரு நுண்ணடி 0.005. ஆக, சரியாக இரண்டு. பழுதான பாகம் இவ்வளவு கச்சிதமாகத் தவறாது. இது தகவல் தொடர்பில் நேரும் தவறு.

ஆர்டுயினோவிலிருந்து ஒவ்வொரு டிரைவருக்கும் இரண்டு தகவல் கம்பிகள் போகின்றன. ஒன்று 'எந்தத் திசை' என்று சொல்லும். மற்றது 'ஓர் அடி வை' என்று சொல்லும். இவற்றை டிரைவர் நேராகக் கேட்பதில்லை. உள்ளே ஆப்டோகப்ளர் என்ற சிறு சில்லு இருக்கிறது. கம்பியில் மின்சாரம் வந்தால் அதில் ஒரு குட்டி விளக்கு எரியும்; எதிரே உள்ள உணரி அந்த ஒளியைக் கண்டு சேதி சொல்லும். மோட்டார் பக்கத்து மின்சாரம் ஆர்டுயினோவைச் சுட்டுவிடாமல் இருக்க இந்தத் தடுப்பு. இதில் ஒரு குணம் உண்டு. விளக்கு எரிந்ததை உணரி சட்டென்று காணும். அணைந்ததை உணரச் சற்றுத் தாமதமாகும். தாமதம் மைக்ரோநொடிக் கணக்கில்தான். ஒருமுறை கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு லட்சம் மைக்ரோநொடிக்கு மேல் அடங்கும். ஆனாலும் எங்களைக் கவிழ்க்க அது போதுமானதாக இருந்தது.

பள்ளிச் சீருடை இயக்க அணிவகுப்பை நினைத்துப் பாருங்கள். தலைவர் "இடப்பக்கம் திரும்பு!" என்று சொல்லி, ஒரு கணம் பொறுத்து, "நட!" என்பார். அந்தக் கணத்தில் எல்லோரும் திரும்பியிருப்பார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் கத்தினால்? மெதுவாகக் கேட்கும் ஒருவன் முதல் அடியைப் பழைய திசையிலேயே வைத்துவிட்டு, பிறகுதான் திரும்புவான்.

எங்கள் டிரைவரின் கையேட்டில், திசைச் சேதி அடிச் சேதிக்குக் குறைந்தது 5 மைக்ரோநொடி முன்னால் வர வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. ஆர்டுயினோ இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் இணைப்பில் வலப்பக்கம் என்றால் விளக்கு எரியும். இடப்பக்கம் என்றால் அணையும். இடமிருந்து வலம் திரும்பும்போது சேதி சட்டென்று போய்ச் சேர்ந்தது, பிழை இல்லை. வலமிருந்து இடம் திரும்பும்போது சேதி தாமதம். இடப்பக்கம் வைக்க வேண்டிய முதல் அடி வலப்பக்கம் விழுந்தது. இடம் ஓர் அடி போக வேண்டியது வலம் ஓர் அடி போனால் வேறுபாடு இரண்டு. இருபக்கமும் தாமதமாகியிருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டி, எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஒருபக்கம் மட்டும் என்பதால் சேர்ந்துகொண்டே போனது.

விலை கூடிய 'பின்னூட்டம்' உள்ள ஸ்டெப்பர் வாங்கியிருந்தால் தப்பியிருப்போமா என்று உங்களில் சிலர் கேட்கலாம். அநேகமாக இல்லை. அந்த மோட்டார் டிரைவர் சொன்ன இடத்துக்குப் போனதா என்று மட்டும்தான் பார்க்கும். டிரைவரின் காதிலேயே கட்டளை தவறாக விழுந்திருந்தால் அதற்கு எப்படித் தெரியும்?

மருந்து ஒரே ஓர் எண். டிரைவர் அடியெடுத்து வைப்பது, அடிக் கம்பியின் விளக்கு எரியும் நொடியில். ஜிஆர்பிஎல் மென்பொருளின் டாலர் குறி போட்ட 2-ஆம் அமைப்பு அந்தத் துடிப்பைத் தலைகீழாக்கும். சும்மா இருக்கும்போது விளக்கு எரியும்; துடிப்பு வரும்போது அணைந்து, முடியும்போது மறுபடி எரியும். ஆக, அடி விழுவது துடிப்பின் தொடக்கத்தில் அல்ல, முடிவில். துடிப்பின் நீளம் 10 மைக்ரோநொடி. அதற்குள் திசைச் சேதி போய்ச் சேர்ந்துவிடும். எக்ஸ் அச்சுக்கு 1, ஒய் அச்சுக்கு 2, இசட் அச்சுக்கு 4. மூன்றுக்கும் சேர்த்து 7. பூச்சியமாக இருந்ததை 7 ஆக்கினோம். இதை எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தும் மந்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பி இணைப்பு வேறு மாதிரி இருந்தால் இதே எண் நன்றாக ஓடுவதைக் கெடுத்துவிடும். போய்வரும் சோதனையை ஓட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாங்கள் 1,000 முறை ஓட்டினோம். பழைய கணக்குப்படி 10 மில்லிமீட்டர் தவற வேண்டும். டயல் கேஜ் முள் பூச்சியத்துக்கே திரும்பியது. அதற்காக நாங்கள் அந்த மழையில் ஆடிய ஆட்டத்தைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்த்திருக்கிறார்.

இரண்டாவது பக்கம்

உடனே பலகையைத் திருப்பிப் போட்டுவிடவில்லை. தேடும் வழியில் கிடைத்த சின்னக் குற்றவாளிகளும் இருந்தார்களே. சில வெள்ளிக்கு ஸ்பிரிங் வைத்த நட்டு ஒன்று வாங்கி மாட்டியதும் பேக்லாஷ் 0.18-இலிருந்து 0.03-க்கு இறங்கியது. சில மென்பொருள்கள் பேக்லாஷைக் கணக்கிட்டு ஈடுகட்டும் என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆடும் பல்லை மறைத்துச் சிரிப்பது போலத்தான். மரம் கத்தியை இழுக்கும்போது ஆட்டம் வெளியே வந்துவிடும்.

இரண்டு அச்சும் செங்குத்தாக இருக்கின்றனவா என்பதற்கு உங்கள் பித்தாகோரஸ் தேற்றமே போதும். எக்ஸில் 300, ஒய்யில் 400 நகர்த்திப் புள்ளி வைத்தால் மூலைவிட்டம் 500 இருக்க வேண்டும். எங்களுக்கு 501.2 வந்தது. அற்பம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் 400 மில்லிமீட்டர் உயரத்தில் 2 மில்லிமீட்டர் சாய்வு! பாலத்தின் ஒரு காலைத் தளர்த்தி, தட்டித் தட்டி 500-க்குக் கொண்டு வந்தோம். நிரலை இரண்டு முறை ஒட்டுப்பலகையில் வெட்டி, பள்ளத்துச் சுவர் செங்குத்தாக இறங்குகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தோம்.

பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, கண்ணாடியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு மெர்பாவ் பலகையைப் பின்பக்கம் மேலே வரும்படி இறுக்கினோம். கடைசிச் சுற்று தொடங்கியபோது பையன் அவசர நிறுத்தப் பொத்தானிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கத்தி 'நி'யின் ஓரத்தைத் தொட்டது. மெல்லிய செந்தூள் மட்டும் பறந்தது. 'ழ'வின் வால் வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து மூடியது.

பலகை இப்போது வாசலில் தொங்குகிறது. தாத்தா இரும்புக் கொக்கிகளில் மாட்டச் சொன்னார், ஆணி அடிக்க விடவில்லை. விருந்தாளி வந்தால் கொக்கியிலிருந்து கழற்றித் திருப்பி, பின்பக்கத்தையும் காட்டுகிறார்.